பதினைந்தாம் வரிசைக்கு அப்பால்

வரப்பில் நின்ற ஏழு மரங்களையும் அன்றைக்கே சாய்த்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கொழுந்தன் வந்திருந்தான். மரம் அறுக்கும் ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தான். விவசாய அலுவலகத்திலிருந்து அளவைக்காரரையும் வரவழைத்திருந்தான். மரங்கள் அண்ணியுடையவை. புருஷன் செத்த வருஷம், சொந்தக்காரர்கள் எல்லாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்ள, அவளே குழி தோண்டி நட்டவை. மாலை நிழல் மட்டும் எல்லை தாண்டிக் கொழுந்தனின் மக்காச்சோளத்தில் விழுந்தது. வம்புக்கு வேறென்ன வேண்டும்?

"பாருங்க சார், கதிரா இது? என் சுண்டுவிரல் பெருசா இருக்கு" என்று முதல் வரிசையில் ஒன்றை ஒடித்து நீட்டினான் கொழுந்தன். "தண்ணியை உறிஞ்சுது, வெயிலை மறைக்குது. இதுக்கு நான் வேற உரம் போடணுமாம்!"

அளவைக்காரர் புதுச் செருப்பில் சேறு படாமல் வரப்போரமாகவே குந்தி, முதல் ஐந்து வரிசைகளை நாடாவால் அளந்தார். அளந்துவிட்டு எழப் பார்த்தார். அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், செருப்பு நனையாத வரைக்கும்தான் வயலா?"

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"சும்மா இருந்தா மரம் போயிடும் தம்பி. அதான் இருக்க மாட்டேங்கறேன்." அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். "முதல் பதினஞ்சு வரிசை நொந்துதான் கிடக்கு. நான் இல்லேன்னு சொல்லலை. மரத்தை ஒட்டினாப்ல பயிர் குறையும்தான். இது நூத்தியிருபது வரிசை வயல். மீதியையும் எடை போடச் சொல்லுங்க."

கொழுந்தனின் அறுவடை வழக்கம் அவளுக்கு அத்துப்படி. முதல் வரிசைகளை ஒடிக்கும்போது பக்கத்தில் நின்று மரத்தைத் திட்டுவான். வெயில் ஏறியதும் திட்டிய அதே மரத்தடியில் போய்க் கால் நீட்டிப் படுத்துவிடுவான். மற்றதையெல்லாம் அவன் பெண்டாட்டி ஒடித்து, மொத்தமாக ஒரே குவியலாகக் கொட்டுவாள். எந்தக் கதிர் எந்த வரிசையில் விளைந்தது என்று குவியலைப் பார்த்து யார் சொல்வது? அவனும் கேட்டதில்லை.

அளவைக்காரர் தலையாட்டினார். இன்று ஐந்து சாக்கு, ஐந்து வரிசை, தனித்தனி எடை. ஓரகத்தி வாய் திறக்காமல் ஒடித்துப் போட்டாள். சாக்கின் மேல் கரியால் எண் எழுதியவள் அண்ணி.

மூன்றாவது வரிசை ஒன்பது கிலோ. கொழுந்தன் மீசையைத் தடவினான். ஒன்பது என்பது அண்ணி நினைத்ததைவிடக் குறைவு.

இருபத்தைந்தாவது, பத்தொன்பது. நாற்பத்தைந்தாவது, இருபத்துமூன்று. எண்பதாவது, இருபது. மரங்களிலிருந்து வெகுதூரத்தில், வெட்டவெளியில் இருந்த கடைசி வரிசையில் பாதிச் சோளத்தட்டை மேல்காற்றில் தரையோடு படுத்திருந்தது. பதினான்கு கிலோதான் தேறியது.

"கடைசி வரிசையில எந்த மரத்து நிழல் விழுது தம்பி?"

அளவைக்காரர் தராசை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். "மரம் காத்தைத் தடுக்குதும்மா. காத்து அடங்கற தூரம் வரைக்கும் ஈரமும் நிக்குது, தட்டையும் சாயலை. ஓரத்துல போனதைவிட நடுவுல வந்தது அதிகம்தான்." சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். எடுத்தவர் தலையைச் சொறிந்தார். "ஆனா இதுல 'மரத்தால் இழப்பு'ன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. வரவுக்குக் கட்டம் இல்லை. இழப்புன்னு எழுதி, ரெண்டு வயல்காரங்களும் கையெழுத்துப் போட்டா வெட்டலாம்."

"அப்ப எழுதிக்குங்க சார். இழப்புதான். மூணாம் வரிசை ஒன்பது கிலோ. எல்லாரும் பார்த்தாங்கல்ல" என்று கொழுந்தன் பாய்ந்தான். உள்ளுக்குள் தெரிந்துவிட்டது அவனுக்கு. ஒப்புக்கொள்ளத்தான் நாக்கு வரவில்லை.

அண்ணி படிவத்தைப் பிடுங்கினாள். கட்டத்துக்கு வெளியே, ஓரம் முழுக்க, கொட்டை கொட்டையாக எழுதினாள்: 'பதினைந்து வரிசை என் மரத்தால் கெட்டது. மற்றது என் மரத்தால் பிழைத்தது. வெட்டச் சம்மதம் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"படிவத்துல இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"எழுதியாச்சு சார்."

கொழுந்தன் ரம்பக்காரன் பக்கம் திரும்பினான். "நீ மிஷினைப் போடுய்யா. நான் வயல்காரன், நான் சொல்றேன்."

மரத்தடியில் குந்தியிருந்த ரம்பக்காரன் எழுந்திருக்கவில்லை. தலைச்சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஓரகத்தி அளவைக்காரர் முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சார், இந்த வயல் எங்கப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரத்துல என் பேரு மட்டும்தான் இருக்கு. பத்து வருஷமா நான்தான் ஒடிக்கறேன், எந்த வரிசை கனக்கும்னு என் முதுகுக்குத் தெரியும். இவரு ஒரு நாள் என்னைக் கேட்டிருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம்."

சேறு படிந்த கையைப் முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அண்ணி எழுதியதற்கு நேர் கீழே, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினாள்.