பிந்தி விழும் தட்டு

சவுண்ட் சர்வீஸ் சந்தோஷ்குமாரின் லேப்டாப் திரையில் ஒரே ஒரு பெட்டி மட்டும் புள்ளிக்கோடாக நின்றது.

"அக்கா, இது ஏதோ இல்லைங்குது."

சௌந்தர்யா குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே தான் செய்த மடத்தனம் புரிந்துவிட்டது.

அந்த இசை மென்பொருளில் யாரும் வரி வரியாக எழுத வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளை வைத்து, பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்தால் போதும். வீட்டுக்கு ஒயரிங் செய்வது மாதிரிதான். மைக்கில் கேட்கும் கைத்தட்டு ஒரு பெட்டிக்குள் போகும். அதன் வேகத்துக்கே இன்னொரு பெட்டி தவிலும் பம்பையும் வாசிக்கும். இதெல்லாம் ஊர் வள்ளிக் கும்மி ஆட்டத்துக்காக சௌந்தர்யா ஆறு மாதமாக உட்கார்ந்து கோத்தது. ஆனால் கைத்தட்டைக் கேட்கும் பெட்டி அவளுடையதல்ல. மேட்டூரில் மின் நிலையப் பராமரிப்பில் இருக்கும் அறிவழகன் என்பவர் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுப் பட்டியலில் போட்டிருந்த தொகுப்பு அது. அவரோடு இரண்டொரு முறை போனில் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான்.

சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு எதுவானாலும் பென்டிரைவில்தான் கொடுப்பார்கள். இவளும் பாட்டைக் கொடுப்பதுபோல ஒற்றைக் கோப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். அது எந்தத் தொகுப்பை நம்பி நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை.

"பட்டியல்ல தேடுனா கிடைக்குதுங்க்கா. போட்டுரட்டா?"

"போடு, போடு."

புள்ளிக்கோடு முழுக்கோடானது. அவளுக்கு மூச்சு வந்தது. ஒத்திகைக்குப் பெண்கள் மைதானத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வட்டம் கட்டினார்கள். எல்லோரும் ஒரே மயில்கழுத்து நிறச் சேலை. கும்மி வாத்தியார் நவநீதகிருஷ்ணன் கையைத் தூக்கினார்.

முதல் அடிகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் தவில் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெண்கள் அதைத் துரத்தி, மூச்சு வாங்கி, ஒருத்திமேல் ஒருத்தி மோதிச் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"ஏம்மா, இது கும்மியா ரேக்ளா பந்தயமா?"

"இப்பச் சரி பண்ணிடறேனுங்க."

"பண்ணுங்க. பண்ண முடியலைன்னா நம்ம பென்டிரைவ் பாட்டு இருக்குது. சாயங்காலம் ஊரே வந்து உக்காந்திருக்கும், சோதிச்சுப் பாக்கற நேரம் இல்ல."

அதுதான் அவள் பயந்தது. பென்டிரைவில் பதிந்து வைத்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. அந்தப் பாட்டில் நடந்த போன ஒத்திகையில் வெளிவட்டத்தில் பிந்திய பெண்களையெல்லாம் வாத்தியார் நாற்காலிக்கு அனுப்பிவிட்டார். சௌந்தர்யாவின் அம்மா செல்லியம்மாளும் அதில் ஒருத்தி. முட்டி வலியோடு பனிக்காலம் முழுக்க ஒத்திகைக்கு நடந்தவள், அன்று ஆடாமலே வீடு திரும்பினாள். வந்ததும் சேலைப் பையை பீரோவுக்குள் தள்ளி, "கட்டிக்கிட்டு உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கா எடுத்தேன்?" என்றாள். மகள்தான், இனி பாட்டே இவர்கள் காலுக்கு ஏற்றபடி வரும் என்று வாத்தியாரிடம் மல்லுக்கட்டி, எல்லோரையும் திரும்பக் கூட்டிவந்திருந்தாள்.

அறிவழகன் ஷிப்டில் இருந்தார். உள்ளே போன் கிடையாது. சௌந்தர்யா மைதானத்தின் வேலியோரம் போவதும் வருவதுமாக, அழைப்பதும் துண்டிப்பதுமாக இருந்தாள். ஒருவழியாக எடுத்தபோது பஸ்ஸின் இரைச்சலும் சேர்ந்து வந்தது.

"ஆமாங்க, பட்டியல்ல இப்ப இருக்கறது புதுப் பதிப்புதான். பழசுல ஒரு தப்பு இருந்துச்சு. அடுத்தடுத்து விழற தட்டு ரெண்டையும் ஒண்ணாவே எண்ணுச்சு. மிருதங்கம் படிக்கற ஒரு பையன் புகார் சொன்னான். சரி பண்ணிட்டேன்."

"எனக்கு அந்தத் தப்புதானுங்க வேணும்."

"தப்பா?" என்றார் அறிவழகன்.

"பழைய பதிப்பு பட்டியல்லயே இல்லைங்களே," என்றாள் மறுபடி.

"தூக்கிட்டேன். எங்க வேலையில அப்படித்தாங்க. புது பேரிங் மாட்டினா பழசை அன்னிக்கே ஸ்கிராப்புக்குப் போட்டுருவோம். ஸ்டோர்ல கிடந்தா எவனாவது எடுத்து மாட்டிருவான்."

அவள் வீட்டுக் கணினியில் பழையது இருந்தது. அது லினக்ஸ். சந்தோஷ்குமாருடையது விண்டோஸ். அதைக் கொண்டுவந்தாலும் இதில் ஓடாது.

"நீங்க எப்படிங்க சோதிச்சீங்க?"

"நானே தட்டித்தான். ஊட்டுல, ஹால்ல."

"ஒரு ஆளு தட்டினீங்க. இங்க மைதானம் நிறையப் பொம்பளைங்க. இத்தனை பேரு கையும் ஒரே நொடியில விழுமா? இருங்க, வைக்காதீங்க."

வட்டத்தில் நின்றவர்களைப் பார்த்து, பாட்டில்லாமல் சும்மா தட்டச் சொன்னாள். போனை நீட்டிப் பிடித்தாள். தட்டு ஒரு தட்டாக விழவில்லை. பையிலிருந்து நிலக்கடலையைக் கொட்டியதுபோலச் சரிந்து விழுந்தது. உள்வட்டம் முன்னால், வெளிவட்டம் வால்போலப் பின்னால்.

"பிந்தி விழற கையை உங்க புதுசு இன்னொரு தாளம்னு எண்ணுதுங்க. அதனாலதான் ஓடுது."

"அடடா," என்றார் அறிவழகன். "இப்படி யாராச்சும் வெச்சிருப்பாங்கன்னே நெனைக்கல. பழசைக் கேக்காதீங்க, அந்த மிருதங்கப் பையனுக்குக் கெட்டுரும். எவ்வளவு பிந்தற வரைக்கும் ஒண்ணா எண்ணலாம்னு ஒரு எண் வெச்சுத் தாரேன். நீங்க உங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கங்க, அவன் அவனுக்கு. ஊடு போய்ச் சேரணும், அதுக்கப்புறம்தான்."

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் இங்கே மைதானம் நிறைந்துவிட்டது. சேலம் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் லாரி ஏதோ படுத்திருக்கிறதாம். சௌந்தர்யா பட்டியலைத் திறந்து திறந்து மூடினாள். சந்தோஷ்குமார் டீயை நீட்டினான், வாங்கியவள் குடிக்கவில்லை.

"அக்கா, அதைப் போட்டு அமுக்கினா சீக்கிரம் வராது."

வாத்தியார் காத்திருக்கவில்லை. முதல் பாட்டு பென்டிரைவில் தொடங்கியது. வெளிவட்டத்துப் பெண்கள் யாரும் சொல்லாமலே நாற்காலிப் பக்கம் நகர்ந்தார்கள். செல்லியம்மாள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றாள். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவது பாட்டு முடியும்போது பட்டியலில் புதிய வரி வந்தது. சந்தோஷ்குமார் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். இறங்கியது. அறிவழகன் சொன்ன எண்ணைச் சௌந்தர்யா போட்டு, போதாதென்று இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"வாத்தியாரே, அடுத்த பாட்டு ஒண்ணே ஒண்ணு இதுல போடறேனுங்க. கெட்டுப்போனா நானே மைக்ல மன்னிப்புக் கேக்கறேனுங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். "வாங்கம்மா எல்லாரும்," என்று கையசைத்தார்.

தவில் ஓடவில்லை. ஒழுங்காக, அழுத்தமாக விழுந்தது. சந்தோஷ்குமார் மேசையைத் தட்டி, "சரியாயிருச்சுக்கா!" என்றான். ஆனால் அவள் வெளிவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பிந்தினாள். மற்றவர்களும் பிந்தினார்கள். உள்வட்டத்துப் பெண்கள் பென்டிரைவ் வேகத்தில் பழகியவர்கள். மைக் அவர்கள் காலடியில் நின்றது. அவர்கள் கையைத்தான் பெட்டி கேட்டது, அவர்கள் வேகத்தைத்தான் தவில் வாசித்தது. வாத்தியாரின் கண் வெளிவட்டத்தில் பிந்துகிறவர்களை எண்ணத் தொடங்கிவிட்டது.

சௌந்தர்யா வட்டத்துக்குள் புகுந்தாள். மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, ஆடுகிறவர்களின் இடையே வெளியே வந்தாள்.

"அக்கா, கேபிள் பத்தாது!"

"பத்தற வரைக்கும் விடு!"

கேபிள் விறைத்த இடத்தில், வெளிவட்டத்துக்கு ஒரு கை தூரத்தில், அதை நட்டாள். தவில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு நிதானித்தது. உள்வட்டம் நாலைந்து அடி முந்திப்போய்விட்டுத் திகைத்து, திரும்பிப் பார்த்து, காலைக் குறைத்துக்கொண்டது. உள்வட்டத்தில் ஆடிய வாத்தியார் ஒரு தட்டைக் காற்றில் தட்டிவிட்டு மகா கோபமாக மேசைப் பக்கம் முறைத்தார். முறைத்துக்கொண்டே அடுத்த தட்டுக்குக் காத்திருந்தார்.

செல்லியம்மாள் எதையும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஆடியவளிடம், "முந்தானையை மிதிக்காதடி," என்று அதட்டிவிட்டு, குனிந்து தட்டினாள். அந்தத் தட்டோடு தவில் விழுந்தது.