கூரையைப் பிடித்த தலைவர்

"குடிசைக்காரங்க என் வூட்டுக் கொல்லையில வந்து குந்துனா நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன், ஆமா!"

ரங்கம்மாள் துடைப்பத்தைக் கீழே வைக்காமலேதான் இதைச் சொன்னாள். கூடத்தில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் துடைப்பம் பட்டுவிடப் போகிறதே என்று மஸூதாவுக்குப் பதைப்பு. பழவேற்காட்டுப் பெண் அவள். ஒன்றிய அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. ரங்கம்மாளின் கணவர் திருவேங்கடம், எண்பத்தாறு தேர்தலில் ஜெயித்து மணல்மேட்டுக்குப்பத்துக்குத் தலைவரானவர். ஊருக்குக் கைப்பம்பு கொண்டுவருகிறேன் என்று மைக்கில் முழங்கிவிட்டு, இப்போது இந்தப் படத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்.

படம் என்றால் மூன்று கண்ணாடித் தாள்கள். ஒன்றில் வீடுகள், ஒன்றில் கிணறுகள், ஒன்றில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பம்பு எங்கே வேண்டுமென்று பளிச்சென்று தெரியும். கிணறில்லாத வீடுகளும் நல்ல தண்ணீரும் சேர்கிற இடத்துக்குத்தான் பம்பு. புதிதாக வந்த அதிகாரியின் ஏற்பாடு. அதற்கு முன்பெல்லாம் அந்த முடிவைத் தலைவர் வீட்டு மீன்குழம்புதான் எடுத்தது.

நல்ல தண்ணீர் இருந்தது திருவேங்கடத்தின் கொல்லையை ஒட்டிய புறம்போக்கு மேட்டில். ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. கிணறில்லாதவை ஏரிச் சேற்றோரம் கிடந்த இருபது குடிசைகள். அங்கே எவ்வளவு தோண்டினாலும் உப்பு.

ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமைக்குப் பாடு என்று பெயர். குடிசைக்காரர்களுக்குப் பாடு கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிழைப்பவர்கள். பாடு இல்லாதவர் கை கிணற்றுக் கயிற்றில் படக் கூடாது என்பது ஊர்க் கட்டு. குடிசைக்காரி பொன்னியம்மாள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். தன் கையால் ஒரு குடம் தண்ணீர் எடுக்க வேண்டும், அதுதான் அவளுக்கு ஆசை. மனுஷி ஆசைப்படுகிற பொருளா அது? வெட்கக்கேடு.

"படத்துல அந்தக் குடிசைங்கள கொஞ்சம் இப்டி மேட்டுப் பக்கம் தள்ளிப் போடும்மா," என்றார் திருவேங்கடம்.

"இருக்கறதத்தான் வரைய முடியும், தலைவரே. ஆபீசர் நேர்ல வந்து பாப்பாரு. மேட்டுல குடிசைங்க இல்லாட்டி பம்பு பக்கத்துக் குப்பத்துக்குப் போயிடும்."

பக்கத்துக் குப்பமா! திருவேங்கடத்துக்கு ரத்தம் கொதித்தது.

"அப்ப குடிசைங்க மேட்டுலயே வந்து இருக்கட்டும்!"

அப்போதுதான் ரங்கம்மாள் துடைப்பத்தோடு வந்தது. "அட, ஆபீசர் போற வரிக்கும்தான்டீ," என்று அவளை அடக்கிவிட்டு, குடிசைகளுக்கு ஆளனுப்பினார்.

அடுத்த நாள் கூரைகளுக்குக் கால் முளைத்தது. கூரைக்கு நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு, அவர்களைச் செருப்புப் போட்டு நடக்கக்கூட விடாத பெரிய தெருவழியாகக் குடிசைகள் ஊர்வலம் வந்தன. ஒன்றில் அடைகாத்த கோழி இறங்க மாட்டேனென்று கூடவே சவாரி செய்தது. ஒரு கூரையைக் காற்று பிடுங்கிப் போய்ச் சவுக்கு மரத்துக்கு மாட்டிவிட, தலைவரே வேட்டியை மடித்துக்கட்டி ஓடினார். "இப்டி! இன்னும் இப்டி! கொல்லையாண்ட நெருக்கிப் போடு!" பொன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த இறால் சட்டி ஆடியது. எல்லாருக்கும் தலைவர் செலவில் டீ வேறு.

அதிகாரி வந்தார், பார்த்தார், தலையாட்டினார். இருந்ததை இருந்த இடத்தில் மஸூதா மையால் வரைந்தாள். மாதம் முடிவதற்குள் பம்பு இறங்கியது. தண்ணீர் இளநீர்தான்.

பம்பைப் படத்தில் குறிக்க மஸூதா வந்த அன்று திருவேங்கடம் மேட்டில் ஏறி நின்றார்.

"வந்த வேல முடிஞ்சிது. கெளம்புங்க. பம்பாண்ட எவளும் வரக் கூடாது. எப்பவும் போல தள்ளி நின்னு வாங்கிக்கினு போங்க."

"சரி நைனா," என்று பொன்னியம்மாள் கூரைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மஸூதா படத்தைச் சுருட்டினாள். "அப்ப இத மறுபடி வரையணும், தலைவரே. பம்பு இந்தக் குடிசைங்களுக்குக் குடுத்தது. இவங்க எறங்கிப் போனா கழட்டிக்கினு போயி பக்கத்துக் குப்பத்துல போட்டுடுவாங்க."

"இன்னாது?"

கொல்லைப்புறத்திலிருந்து ரங்கம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். "யோவ், பேஜாரு புட்ச்சவனே! அந்தக் கூரைய அவுக்க வாணாம்னு சொல்லுய்யா! பம்பு பூடும்யா!"

அதற்குள் மூன்று முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஏரிக்காற்று கூரையைக் கிளப்பியது. திருவேங்கடம் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். "பொன்னிம்மா! இரும்மா, போவாதம்மா! எல்லாரும் இங்கியே இருங்கம்மா!"

வாய்க்கு வாய் அம்மா. அந்தத் தெருவில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பொன்னியம்மாள் அவரையும் கூரையையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டாள்.

"கெட்டியா புட்சிக்கோங்க நைனா. ஒரு கொடம் அடிச்சிட்டு வந்து கட்டிக்கறேன்."

"பம்புல நீ கை வைக்கக் கூ..." என்று ஆரம்பித்தவரை ரங்கம்மாளே முறைத்தாள்.

பொன்னியம்மாள் பிடியை அழுத்தினாள். தண்ணீர் சளசளவென்று குடத்தில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மற்ற குடிசைப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் குடத்தோடு வந்து நின்றார்கள். தலைவருக்குக் கை கடுத்தது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. விட்டால் கூரை போய்விடும், கூரை போனால் பம்பு போய்விடும்.

"அவசரமில்ல, நல்லா அடிங்கம்மா," என்றார்.