ரின்போச்சேயின் பால்பல்

மாணவன் உள்ளே வரும்போது ஆசிரியை விழுந்து கும்பிட வேண்டும் என்கிற கூத்து அந்த மடத்துப் பள்ளியில் மட்டும்தான் உண்டு. மற்ற பிள்ளைகள் முன்கூட்டியே வந்து, எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்று ராகம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மறுபிறவி லாமாவான ரின்போச்சே வருவார். வயது ஒன்பது. பின்னால் மெத்தையைச் சுமந்துகொண்டு டாம்ச்சோ என்கிற சேவகத் துறவி. கணக்கு டீச்சர் தேச்சென் மூன்று முறை தரையில் நெற்றி பட விழுந்து எழுவாள். எழுந்து, உடுத்தியிருக்கும் கிராவின் மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நேத்து பின்னம் வரைக்கும் பாத்தோம்" என்று சாக்பீஸை எடுப்பாள்.

அந்த ரின்போச்சேயைப் பெற்றவள் அவள்தான்.

பிள்ளைக்கு நாலு வயதாகும்போது மறுபிறவி தேடி மடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பரப்பி வைத்த ஜபமாலைகளில் இறந்துபோன பெரிய லாமாவின் மாலையைப் பையன் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "என் வெள்ளைக் குதிரை எங்க?" என்று வேறு கேட்டுவிட்டான். போதாதா? பெரிய லாமாவே திரும்பி வந்துவிட்டார் என்று பள்ளத்தாக்கே கொண்டாடியது. அவள் புருஷன் நிடுப், மகன் துறவி உடையில் இருக்கும் படத்தைத் தன் டாக்ஸி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான். பிள்ளையை மடத்துக்கு அனுப்ப அவளிடமும் சம்மதம் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊரே பட்டுத் துண்டோடு வாசலில் நிற்கும்போது எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? அவளும் தலையாட்டினாள். நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்த கால் மரத்துப்போகிற மாதிரி, அன்றைக்கு உள்ளே ஏதோ மரத்தது. கால் என்றால் உதறிவிடலாம்.

அதன்பின் வருஷத்துக்கு ஒரு தரம், ஆசி வழங்கும் நாளில் வரிசையில் நின்றாள். சின்னக் கை அவள் தலையைத் தொடும். முன்னால் போனவளையும் அதே மாதிரிதான் தொட்டது, பின்னால் வந்தவளையும் அப்படித்தான்.

இப்படி இருக்கையில்தான் தலைநகர் திம்புவிலிருந்து புதுச் சட்டம் வந்தது. நாடே புதுசாகிறதாம், மடத்துப் பிள்ளைகளும் இனி கணக்கும் ஆங்கிலமும் அறிவியலும் படித்தாக வேண்டும். மலை ஏறிப் போய்க் குளிரில் உட்கார எந்த ஆசிரியருக்கும் மனசில்லை. தேச்சென் அன்றைக்கே எழுதிப் போட்டாள்.

"அங்க போயி என்ன செய்யப்போற?" என்றான் நிடுப்.

"கணக்கு சொல்லிக்குடுப்பேன்."

"எங்கிட்டயேவா? நெசத்தச் சொல்லு."

"ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டா போதும். இறங்கி வந்துடுறேன்."

நிடுப் டாக்ஸிக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் இருந்த படத்தைத் துடைத்தான்.

மடத்தில் டாம்ச்சோ முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிட்டான். வாய் நிறைய வெற்றிலை. "இங்க நீங்க மேடம். அதோட சரி. ரின்போச்சே மனசு கலையக் கூடாது பாருங்க." நல்லவன்தான். அவளுக்கு விறகும் வெண்ணெய்த் தேநீரும் குறையாமல் பார்த்துக்கொண்டான். பையனை மட்டும் கண்ணைவிட்டு அகல விடமாட்டான்.

ஒருமுறை மாவட்டக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தேச்சென் விழுந்து எழுவதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"விதிப்படி மாணவன்தான் டீச்சருக்கு எழுந்திரிக்கணும். இதென்ன தலைகீழா?"

"சார், போன பொறவியில உங்க அப்பாவுக்குப் பேரு வெச்சவரே இவருதான்" என்றான் டாம்ச்சோ. "எழுந்திரின்னு நீங்களே சொல்லுங்களேன்."

அதிகாரி ரின்போச்சேயைப் பார்த்தார். ரின்போச்சே அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மெல்லக் காலணியைக் கழற்றிவிட்டு மூன்று முறை விழுந்தார். எழுந்து, பாடத்திட்டம் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். சீர்திருத்தம் அந்த அளவில் முடிந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அஷி குன்சாங் வருவாள். பழைய பெரிய வீட்டுப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவள், இறந்துபோன லாமாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் பையனை வாய் நிறைய "அண்ணா" என்பாள். "அண்ணா, மெலிஞ்சுட்டீங்களே. உங்களுக்குப் பிடிக்குமேன்னு காஞ்ச பாலாடைக்கட்டி கொண்டாந்தேன்." பையனுக்கு அது பிடிக்காது. பிடித்த மாதிரி மென்றுகொண்டிருப்பான். ஒருநாள் தேச்செனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னாள், "எங்கண்ணன வயித்துல வெச்சுப் பத்திரமா திருப்பிக் குடுத்தவ நீ. ஒனக்குக் கோடிப் புண்ணியம்." சத்திரத்தில் பெட்டியைப் பார்த்துக்கொண்டவளுக்குச் சொல்கிற நன்றி. தேச்சென் குனிந்து ஏற்றுக்கொண்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

அந்த வாரம் பாடப் புத்தகத்தில் வயதுக் கணக்கு வந்தது. தாயின் வயது முப்பத்தாறு, மகன் இருபத்தேழு வயது இளையவன், மகனுக்கு என்ன வயது?

"மேடம்" என்று ரின்போச்சே கை தூக்கினார். "எந்தப் பொறவிக் கணக்கு?"

"இந்தப் பொறவி, ரின்போச்சே."

"நான் எங்கம்மாவ விட மூத்தவன்னு டாம்ச்சோ சொல்றாரே."

வகுப்பே சிரித்தது. பையன் சிரிக்கவில்லை, கரும்பலகையில் தாயின் வயது எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேச்சென், "புத்தகத்துல உள்ளபடி போடுங்க" என்றாள். ஒன்பது என்று எழுதினான். சரி என்று குறியிட்டாள். எட்டு மாதமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது. நாள்தோறும் விழுந்து எழுந்து முழங்கால் காய்ப்பேறிவிட்டது. வந்த காரியம் நினைவில் இருந்தது, ஆனால் வேறொருத்தி சொல்லி அனுப்பிய வேலை போல இருந்தது.

மார்கழிக் குளிர் ஆரம்பித்த ஒரு மத்தியானம் பிள்ளைகள் சிவப்பரிசிச் சோற்றுக்கு ஓடிவிட்டார்கள். ரின்போச்சே மட்டும் ஒரு கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்தார். டாம்ச்சோ வெற்றிலை எச்சிலைத் துப்ப வெளியே போனான். இரும்பு அடுப்பில் விறகு வெடித்தது. தேச்சென் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பையன் மெத்தையிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு அவள் மேசைப் பக்கம் வந்து நின்றான். உதட்டோரம் ரத்தம். உள்ளங்கையில் ஒரு பல்.

மேல்வரிசைக் கோரைப்பல். அவளுக்குத் தெரியாத பல்லா? அது முளைத்த வாரம் பால் குடிக்கும்போது அவளைக் கடித்து, அவள் அலறி, அந்த அலறலில் அவனும் பயந்து அழுது, இரண்டு பேருமாக அழுதுகொண்டே சிரித்திருக்கிறார்கள்.

"அம்மா" என்றான், கதவைப் பார்த்துக்கொண்டே, ரகசியமாக. "இத கூரை மேல எறியணும்ல? நல்ல பல்லு குடுன்னு கேட்டு அம்மாதான் எறியணுமாமே. எல்லாப் பயலுக்கும் அவங்கவங்க அம்மா எறிஞ்சாங்களாம். சீக்கிரம், அவரு வந்துடுவாரு."

கேட்டாள். காதில் தெளிவாகவே விழுந்தது. இதற்குத்தான் மலை ஏறி வந்தாள். இப்போது அவனை வாரி எடுக்க வேண்டும், அல்லது பல்லை வாங்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக ஓட வேண்டும். அவளுடைய உடம்பு எழுந்து நின்றது. இரண்டு கையும் தானாக நீண்டு சேர்ந்தன. இடுப்பு வளைந்தது. ரின்போச்சேயின் திருவுடம்பிலிருந்து விழுந்ததை எப்படி வாங்க வேண்டுமோ அப்படியே வாங்கி, கண்ணில் ஒற்றி, உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

டாம்ச்சோ அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். "ஐயோ, ரின்போச்சேயோட பல்லு!" என்று பரவசப்பட்டு, இடுப்பிலிருந்த மஞ்சள் பட்டுத் துண்டை உருவி விரித்தான். யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. அவளே வைத்தாள், இரண்டு கையாலும், குனிந்து.

பையன் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னத்துக்குள் நாக்கு அசைந்து, புதுப் பள்ளத்தைத் துழாவியது. பிறகு திரும்பிப் போய் மெத்தைமேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"முடிச்சுட்டேன் மேடம். அடுத்த கணக்கு?"

மூன்றாம் நாள் அஷி குன்சாங் வெள்ளிச் சிமிழோடு வந்தாள். பல் அதற்குள் போனது. கும்பிடுவதற்கு வரிசை கட்டினார்கள், தேச்செனும் நின்றாள். சிமிழ் அவள் தலையைத் தொட்டு அடுத்தவளிடம் நகர்ந்தது. வெயில் சாய்ந்த நேரம் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் நிடுப்புக்குப் போன் போட்டாள். பல் விழுந்த சேதி அதற்குள் அவன் இருக்கும் பும்தாங் வரைக்கும் எட்டியிருந்தது. அவன் கேட்க நினைத்தது அது இல்லை.

"ஏ தேச்சென், கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாரு."

அந்தப் பக்கம் அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"நீ என்ன செஞ்ச?"

"கும்பிட்டேன்" என்றாள்.