பட்டையை இழுத்த கை

எங்கள் பாட்டு வகுப்பில் ஒரு முறை உண்டு. மூன்று பேர் எழுந்து பாட வேண்டும். மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து தோள், தாடை, விலா எல்லாவற்றையும் கவனித்து, பாட்டு முடிந்ததும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தலைநகர் சோபியாவிலிருந்து வந்த வெலிஸ்லாவா டீச்சர் கொண்டுவந்த முறை. முறையில் குற்றமில்லை. யாரைப் பற்றிச் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் குற்றம்.

கலினா மேல்குரல், நடுவில் நிற்பாள். நானும் பென்காவும் கீழே ஒரே சுருதியைப் பிடித்து நிற்போம். அது அறுபடவே கூடாது. பென்கா மூச்செடுக்கும்போது நான் இழுக்க வேண்டும், நான் எடுக்கும்போது அவள்.

ஆகஸ்டில் மலையில் பாட்டுத் திருவிழா. எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் கொண்ட ஒரே ஒரு குழு. அதில் நிற்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் வாராவாரம் சுருதி அறுந்தது.

"நெவேனா தோள் தூக்குது டீச்சர்," என்று என்னைக் காட்டினாள் தபால் ஆபீஸ் ஸ்தாங்கா.

"பேசவே தெரியாத வாய். பாடச் சொன்னா என்ன பண்ணும் பாவம்," என்றாள் கலினா. எல்லோரும் சிரித்தார்கள்.

கலினாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மலைக்குப் போகிற பஸ் அவள் புருஷனுடையது.

"நெவேனா, நீ உக்காந்து பாரு," என்றார் டீச்சர். "உன் இடத்துல ரூமியானா நிக்கட்டும். அவளுக்கு நல்லா வந்தா அவளே மலைக்குப் போகட்டும்."

எதிர்வரிசையில் போய் உட்கார எனக்குக் கூசியது. பக்கவாட்டில், அடுப்புக்கு அருகில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர்கள் முதுகு தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் நடுவில் நிற்பவள் இரண்டு பக்கத்தாரின் இடுப்புப் பட்டையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். புது வரிக்கு ஒருமுறை இழுப்பாள். இழுத்ததும் மூச்செடுத்துத் தொடங்குவோம். உடம்பில் ஊறிய பழக்கம், யோசிக்கவே வேண்டாம்.

பாட்டை முடித்து வைக்கும் கடைசிக் கூவலுக்கு முன்னால் கலினாவுக்கு மூச்சு தீர்ந்தது. வரி முடியவில்லை. அவள் கை இரண்டு பட்டைகளையும் இறுக்கி இழுத்தது. பென்காவும் ரூமியானாவும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தார்கள். சுருதி அறுந்தது. ரூமியானாவின் தோள் என் தோளைப் போலவே தூக்கிக்கொண்டது.

"இவளுக்கும் தூக்குது," என்றாள் ஸ்தாங்கா.

"நெவேனா கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு போல," என்றாள் கலினா.

"பட்டைய இழுக்கறாங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். "கலினாக்கா மூச்சு தீரும்போது பட்டைய இழுக்கறாங்க. இழுத்தா நாங்க ரெண்டு பேரும் சேந்து மூச்செடுத்துடறோம்."

"புடிச்சுக்காம எப்படிடீ பாடறது? நான் என்ன விளக்குக் கம்பமா, தனியா நிக்க?"

"கைய விட்டுட்டு ஒரு தடவ பாடுங்க," என்றார் டீச்சர். "நெவேனா, வா."

பாடினோம். பென்கா எடுத்தாள், நான் இழுத்தேன். நான் எடுத்தேன், அவள் இழுத்தாள். சுருதி அறுபடாமல் ஓடியது. கடைசிக் கூவலுக்கு முன்னால் கலினாவின் குரல் மட்டும் நின்று, இடைவெளி விட்டு, மறுபடி வந்தது.

"பாத்தத சொல்லுங்க," என்றார் டீச்சர். ஸ்தாங்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கலினா, மூச்ச கொஞ்சம் சேத்து வெச்சுக்கோம்மா, அவ்வளவுதான்," என்று டீச்சரே முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன நெவேனா? எத்தனை வகுப்பு வீணாப் போச்சு."

"இழுத்தா மூச்செடுப்பேன், என் முதுகு எனக்குத் தெரியாது டீச்சர். பாக்கறதுக்குன்னு உக்காந்திருந்தவங்க இவ்வளவு பேரு. கலினாக்காவுக்கு மூச்சு தீர்றத ஒருத்தரும் பாக்கல, அத்தனை பேரும் என் தோளத்தான் பாத்தாங்க."

டீச்சர் முகம் சிவந்தது. "சரி, மலைக்கு நீயே வா. மேடையில புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும், பட்டையப் புடிச்சுக்கங்க. இன்னொரு தடவ."

கலினாவின் கை என் இடுப்புக்கு வந்தது. நான் என் சிவப்புப் பட்டையை அவிழ்த்தேன். சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தேன்.

"ஆரம்பிங்கக்கா," என்றேன்.