சாம்பல் நிறப் பட்டை

"இடம் போதவில்லை" என்று மடிக்கணினி மறுபடியும் கையை விரித்துவிட்டது. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் குறும்பட விழாக்காரர்களுக்குப் படம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட்டுக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். இப்போதே மூன்று அடித்துவிட்டது. ஒரு வருட உழைப்பை விழுங்கி வைத்துக்கொண்டு வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது இந்தத் தகர டப்பா. "உனக்கு இவ்வளவு திமிரா?" என்று அதனிடமே கேட்டாள். சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் திடுக்கிட்டுப் பார்த்தான்.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில். வருகிறவர்களுக்கு எல்லாம் சிரித்த முகத்தோடு வழி சொல்ல வேண்டும். அந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு சலவைக்கூடம் இருந்தது. மதிய இடைவேளையில் அங்கே போய் உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சொந்த முகம் திரும்பி வரும். அங்கிருந்த பெண்களின் பேச்சையும் சண்டையையும் பழைய கேமரா ஒன்றை வாங்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, எல்லோருக்கும் அவள் 'மேஸ்திரி'. ஈரப் படுக்கை விரிப்பை ஒரே உதறில் காற்றில் விரித்துவிட்டு, பெரிய டாக்டரின் நடையை நடந்து காட்டுவாள். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பிறகு ஒருநாள் நிர்வாகம் சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், பெண்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். இனி யார் நினைத்தாலும் அந்த ஒரு நிமிடத்தைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது. அவரவர் வருகிற காட்சிகளை, படத்தில் சேராததையும் சேர்த்து, அவரவருக்குத் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும்? அவர்களைப் பொறுத்தவரை அது 'துணி துவைக்கிற படம்'. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வேலை செய்தால், "அம்மா துவைக்கப் போயிட்டாங்க" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் அக்கறை.

கணவர் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார். ஒரு காலத்தில் கம்பெனி வாலிபால் அணிக்குத் தலைவராக இருந்தவர். தெருவே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும், கோபம் வந்தால் அவளும்.

"அதான் படிச்சுப் படிச்சுச் சொல்றேனே. படத்துல சேராத வீடியோவையெல்லாம் தூக்கிப் போடு. அந்தக் குப்பையை வெச்சு என்ன பண்ணப் போற?"

"என்னோடது கொஞ்சம்தாங்க. இந்த சிஸ்டம்தான் மொத்த இடத்தையும் அடைச்சிருக்கு."

உண்மைதான். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் படத்தில் அவளுடையது ஓரமாக ஒடுங்கிய நீலத் துண்டு. மீதி முழுக்க சாம்பல் நிறப் பட்டை. 'சிஸ்டம்' என்று ஒரே ஒரு சொல், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது போலிருக்கிறது. குப்பைத் தொட்டியைக் காலி செய்தாள், வேண்டாத செயலிகளை நீக்கினாள், அணைத்து அணைத்துப் போட்டாள். ராத்திரி கொஞ்சம் இடம் கிடைக்கும். காலையில் பார்த்தால் சாம்பல் வந்து அதையும் ஆக்கிரமித்திருக்கும்.

"சிஸ்டம் ஃபைல்ல மட்டும் கை வெச்சுடாதம்மா, மெஷினே படுத்துடும்" என்றான் மகன். "பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"ஆறு மணிக்குள்ள வாங்கித் தர்றியா?"

அவன் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டிலும் இதே கதைதான். இடம் பற்றவில்லை என்றால் முதலில் அவளுடைய பீரோதான் காலியாகும். அவளுடைய மேசைதான் மாடிப்படிக்குக் கீழே போகும். ஒதுங்கி ஒதுங்கியே வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. இந்தத் தடவை ஒதுங்குவதாக இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்தாள். போன சனி ஞாயிறு மட்டும் சாம்பல் வீங்கவே இல்லையே, ஏன்? அந்த இரண்டு நாளும் அப்பாவும் பிள்ளையும் வெளியூருக்கு மேட்ச் பார்க்கப் போயிருந்தார்கள்.

மெல்லக் குனிந்து மடிக்கணினியின் பக்கவாட்டைப் பார்த்தாள். போன் சார்ஜ் போடும் வயர்கள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டுப் பழக்கம் அது. கூடத்தில் இருந்த ஒரே பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜை நகர்த்த யாருக்கு உடம்பு வளையும்? அம்மாவின் மடிக்கணினிதான் எப்போதும் மேசைமேல் திறந்தே கிடக்கிறதே, போனை அதில் சொருகிச் சார்ஜ் போட்டுவிடுவது. திரையில் ஏதாவது கேள்வி வந்தால் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போவது. அந்த 'ஆம்' ஒவ்வொன்றுக்கும் போனில் இருந்ததையெல்லாம் மடிக்கணினி பயபக்தியோடு நகல் எடுத்து, யார் கண்ணிலும் படாத மூலையில் பத்திரப்படுத்தியிருக்கிறது. அவள் தேடிப் பிடித்துத் திறந்தபோது மூன்று பெயர்கள் வரிசையாக நின்றன. 'தொடாதே' என்பது மகனின் போன். 'புது கேப்டன்' கணவருடையது. மூன்றாவது, வெறும் 'கேப்டன்'. இருப்பதிலேயே பெரியது அதுதான்.

அடப்பாவிகளா! சிஸ்டமாம், சிஸ்டம்.

முதல் இரண்டையும் யாரிடமும் கேட்காமல் அழித்தாள். அந்த இரண்டு போன்களும் அவரவர் கையிலேயே இருக்கின்றன. எக்ஸ்போர்ட்டை மறுபடி ஓட விட்டாள். பாதியைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது. இன்னும் இடம் வேண்டும்.

"என்னங்க, உங்க பழைய போன் பேரு கேப்டன்தானே?"

அவர் சோபாவிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். "ஆமா. ஆத்துல விழுந்துச்சே. ஏன்?"

"அதோட நகல் இதுலதான் இருக்கு. மொத்தமும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்தப் போன் ஆற்றோடு போனபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர். கோப்பைகள், அணியின் பயணங்கள், இறந்துபோன இரண்டு ஆட்டக்காரர்கள் என்று பதினைந்து வருட வாலிபால் அதற்குள் இருந்தது. ஓடி வந்து திரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"படத்துல சேராததுதானே? அந்தக் குப்பையை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அவள்.

அவர் மடிக்கணினியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏய், விளையாடாத. அதுல நம்ம டீம் தம்பிங்கெல்லாம் இருக்கானுங்க" என்றார் கணவர்.

"இதுல மேஸ்திரி இருக்கா. அவளும் திரும்பி வரப் போறதில்ல." அவள் கடிகாரத்தைக் காட்டினாள். "கடைக்குப் போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வந்தா உங்களோடதும் இருக்கும். வரலைன்னா என்னோடது மட்டும்தான் இருக்கும்."

"அம்மா…" என்று இழுத்தான் மகன்.

"நீ நடுவுல வராத. தொடாதேன்னு பேரு வெச்சுக்கத் தெரியுதுல்ல?"

கேப்டன் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார். வண்டி உறுமிக்கொண்டு போனது. அவள் 'கேப்டன்' மேல் அம்புக்குறியை வைத்து, அழி என்றாள். நிச்சயமாக அழிக்கவா என்று மடிக்கணினி பணிவாகக் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. அந்த இரண்டு பையன்களுக்கும் இந்த மேசையில் எத்தனையோ தடவை சோறு போட்டிருக்கிறாள். அதற்காக மேஸ்திரியை விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது. ஐந்து அடித்தால் அழுத்திவிடுவாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

ஐந்து அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது, சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க வந்து நின்றார். "இருக்கா?" என்றார். அவள் கையை மட்டும் நீட்டினாள். டிஸ்க்கை வாங்கி, தொங்கிய இரண்டு வயர்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் சொருகினாள்.

"ம்… முதல்ல என்னோடதைக் காப்பி…"

"முதல்ல என் படம். நேரா இதுலயே எடுக்கிறேன். அது போய்ச் சேர்ந்த பிறகு உங்களோடது."

அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். படம் வெளியே வர ஆரம்பித்தது. திரையின் ஒரு பக்கம் மேஸ்திரி விரிப்பை உதறி, டாக்டராக நடந்து போனாள். மேஸ்திரியைக் கணவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மகன் லேசாகச் சிரித்தான். இன்னொரு பக்கம், நிச்சயமாக அழிக்கவா என்ற கேள்வி மூடப்படாமல் அப்படியே நின்றது. அவர் பார்வை அதற்கும் மேஸ்திரிக்குமாக அலைந்தது.

அவர் கையிலிருந்த போன் சார்ஜ் இல்லை என்று சிணுங்கியது. பழக்க தோஷத்தில் வயரை எடுத்து மடிக்கணினிப் பக்கம் கொண்டு வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது.

"டேய், இந்தப் பக்கம் ஒரு கை பிடிடா" என்றார் மகனிடம். இருவரும் போய் ஃபிரிட்ஜைப் பிடித்து இழுத்தார்கள். கிறீச்சென்று தரையைக் கீறிக்கொண்டு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு நகர்ந்தது.