மிளகாய் சிஸ்டரின் இன்டர்வியூ

திட்டாமல் என்னால் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள், கையோ காலோ அடிபட்டு. முப்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி. கொஞ்சிக்கொண்டு நின்றால் கடைசிக் கட்டிலுக்கு எப்போது போய்ச் சேர்வது? வார்டில் எனக்கு மிளகாய் சிஸ்டர் என்று பெயர். சோனியா என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

இந்த வாயால்தான் போன வருடம் அயர்லாந்து வேலை கையைவிட்டுப் போனது. அங்கே நர்ஸ் பஞ்சம். அப்படியும் "நோயாளியை அதட்டுகிறார்" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு நர்ஸாம் அங்கே. ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து வேலை செய்யலாம். எனக்கு அது வேண்டும். இன்று இரண்டாவது வாய்ப்பு, இதோடு சரி.

காலையில் லோகுவோடு மல்லுக்கட்டினேன். இரும்பு ஆலையில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவர். நடக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

"வலிக்குது சிஸ்டர். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இன்னும் எத்தினி நாளைக்கு? படுத்துக்கினே இருந்தா காலு கட்டையாப் பூடும்ணா. எளாவூர்லேர்ந்து அண்ணி பஸ் புடிச்சி சோறு எடுத்துக்கினு வருதே, யாருக்கு? எய்ந்திரு!"

"பேஜாரு பண்ணாத சிஸ்டர்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேட்ரன் சந்திரகலா என்னை இன்டர்வியூவுக்கு விரட்டிவிட்டு வார்டில் நின்றுகொண்டார்.

லோகுவின் கட்டிலுக்கு எதிர் அறையில் லேப்டாப். திரையில் ஓர் அயர்லாந்து அம்மா. "நான் இடுப்பில் ஆபரேஷன் ஆன கிழவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழ மாட்டேன். எழ வையுங்கள்" என்றார்.

பயிற்சியில் மனப்பாடம் செய்ததையெல்லாம் இங்கிலீஷில் தேனாக ஊற்றினேன். உங்கள் வேதனை புரிகிறது, உங்கள் விருப்பம்தான் முக்கியம். "போ, நான் தூங்கணும்" என்றார் அந்த அம்மா. இன்னும் சிரித்தேன். கன்னம் வலித்ததே தவிர அவர் மசியவில்லை.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வேலையாவது மண்ணாவது!

"ஐயா! படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், கால் விளங்காது. உங்கள் மனைவி பஸ் பிடித்து வருவது யாருக்காக? என் தோளைப் பிடியுங்கள். நான் விழ விட மாட்டேன். எழுந்திருங்கள்!"

இங்கிலீஷ்தான். ஆனால் தொண்டை கும்மிடிப்பூண்டித் தொண்டை.

அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"விழ விட மாட்டேன் என்றீர்களே, அதற்குத்தான் எழுந்தேன். எப்போது வருகிறீர்கள்?"

அப்பாடா! கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தால், வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு லோகு நிற்கிறார். பக்கத்தில் மேட்ரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

"உள்ள கத்துனது இன்னான்னு புரியல சிஸ்டர். எனக்குத்தான்னு நெனச்சி எய்ந்துட்டேன்."

ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன்.

"வேல கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சிண்ணா."

"அப்ப நீ போறதுக்குள்ள நான் நடந்துடணும். அப்பால என்னை யாரு திட்டுவாங்க?"

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பேச்சக் கொறைச்சிட்டு காலை எடுத்து வைண்ணா!" என்றேன்.