விலாவில் மூச்சு

கார்க் கதவின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை நூல்கள் எல்லாம் வாலை நோக்கிப் படுத்துக்கிடந்தன, படுத்தபடியே நடுங்கின, ஆனால் கதவு முடிகிற இடத்தில், சிவப்பு விலாவில் வாய் திறந்திருக்கும் ஓட்டைக்கு முன்னால் ஒட்டியவை மட்டும் படுக்கவில்லை, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல் வளைந்து உள்ளே நுழைந்து நின்றன, ஏனுங்க, உள்ள போகுதுங்க, உள்ள போகுதுங்க என்று சாரதாமணி வேனே அதிரக் கத்தினாள், வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் நாச்சிமுத்து தலையை மட்டும் ஆட்டினான், அவனுக்குப் பேச்சு வராது, போன தை மாதத்திலிருந்து வராது. கோயமுத்தூருக்கு வெளியே, பந்தயத் தடத்தில், வேனும் காரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, கார் வேனுக்கு வலப்புறம், ஆகவே அதைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் புருஷனின் கழுத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும், இத்தனை மாதமாக எதைப் பார்க்காமல் தப்பித்து வந்தாளோ அதைத் தாண்டித்தான், இன்றைக்கு அதன்மேல் துண்டு இல்லை, அதனால் கண்ணைக் காரின் மேலேயே வைத்திருக்கிறாள்.

இஞ்சினை மூக்கில் வைக்காமல், ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் வைத்த கார் அது, நாச்சிமுத்துவும் கூட்டாளி குப்புராஜும் தகரம் தட்டி, குழாய் வளைத்து, கொட்டகையிலேயே உருவாக்கியது, முதன்முதலாய்ப் பார்த்த அன்று அவள் சிரித்துவிட்டாள், இஞ்சினைக் கொண்டுபோய்ப் பின்னாடி வெச்சுட்டா அதுக்குக் காத்து யாரு குடுப்பாங்க, நீங்க உக்காந்து விசிறுவீங்களாக்கும், அப்போது அவனுக்குக் குரல் இருந்தது, கொஞ்சம் கரகரப்பு, சளி என்று ஊரே சுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டிருந்த கரகரப்பு, இங்க வா புள்ள என்று கூப்பிட்டான், ஸ்டாண்டு ஃபேனைக் காரின் மூக்குக்கு எதிரே நிறுத்தினான், சாமி படத்துக்கு முன்னால் புகைந்த ஊதுபத்தியை எடுத்து வந்து கதவருகே பிடித்தான், புகை கதவை ஒட்டியே வழுக்கிப் போகிறது, அவன் தட்டித் தட்டிக் குழித்த பள்ளத்தில் இறங்குகிறது, நேராகப் போய்விடும் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டென்று விலாவோட்டைக்குள் திரும்புகிறது, கம்பி வலையைக் கடந்து, ரேடியேட்டரின் இடுக்குகளில் புகுந்து காணாமல் போகிறது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாலருகே இருந்த சல்லடை வழியாக அது மெல்ல எழுந்து வந்தது. பாத்தியா, காத்து சும்மா உள்ள வராது புள்ள, வெளிய போக வழி இருந்தாத்தான் வரும், வண்டி ஓடறப்ப பின்னாடி இருக்கற காத்து உறிஞ்சும், பக்கத்துல போற காத்து உள்ள பாயும், இந்தப் பக்கத்து ஓட்டை சூட்டைத் தணிக்கறதுக்கு, அந்தப் பக்கத்து ஓட்டை இஞ்சின் மூச்சு விடறதுக்கு, மூக்கு முன்னாடிதான் இருக்கோணும்னு என்ன சட்டம். அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது, இந்த மனுஷன் தகரத்துக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்துவிட்டானே என்று, கையை அந்த ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தாள், உள்ளங்கையைக் காற்று நக்கிக்கொண்டு போனது, அவன் நீளமாகப் பேசி அவள் கேட்டது அநேகமாக அதுதான் கடைசி.

கரகரப்பு சளி இல்லை, புற்று, குரல்வளையையே எடுக்க வேண்டியிருந்தது, கழுத்தின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை, இனிமேல் மூக்கால் அல்ல, இதன் வழியாகத்தான் மூச்சு, மெல்லிசா ஒரு வலைத்துணி போதும்மா, தூசி போகக்கூடாது, காத்து போகணும் என்று டாக்டரம்மா ஒரு பொட்டலமே கொடுத்தார், சாரதாமணி தலையாட்டி வாங்கிக் கைப்பையில் போட்டாள், வீட்டுக்கு வந்ததும் கனமான ஈரிழைத் துண்டை எடுத்து அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள், பார்க்க முடியாமல் போனது அவளுக்குத்தான், சோறு போடும்போதுகூட அவன் நெற்றியைப் பார்த்தே போட்டாள், அவனுக்கா தெரியாது, துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான், கொட்டகைக்குப் போவதை நிறுத்தினான், வாசலுக்கு வருவதை நிறுத்தினான், குப்புராஜ் தனியாளாகக் காரை முடித்தான். இன்று காலை, காரை முதன்முதலாக ஓட்டப்போகிற நாளில், கொட்டகைச் சாவியைக் குப்புராஜ் கையில் வைத்து அழுத்தினான் நாச்சிமுத்து, இனி நீயே பார்த்துக்கொள் என்று கையால் காட்டிவிட்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான், அவள் வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள், இவனை இப்படி அடைத்துப்போட்டது நோயா, நானா.

பூஜை போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சந்தனம் குங்குமம், பாலிதீன் பையிலிருந்து தடிமனான செவ்வந்தி மாலை ஒன்றை எடுத்தாள் சாரதாமணி, புதுக் காருக்கு இப்படி விலாவிலே பொத்தல் இருக்கிறதே, நாலு பேர் கண்ணில் படுமே என்று மாலையை அதன் குறுக்கே இழுத்துக் கட்டினாள், ஓட்டை தெரியவே இல்லை, கழட்டிறட்டுங்களா அண்ணா என்று கேட்கத்தான் செய்தாள், சாமிக்குச் சாத்துன மாலை அம்மிணி, கழட்டக்கூடாது, எந்த லாரிக்காரன் கழட்டறான் என்றான் குப்புராஜ், ஏறி உட்கார்ந்து கிளப்பினான். முதல் சுற்றில் மாலை காற்றில் ஆடியது, அடுத்த சுற்றில் மாலையைக் காணோம், நார் மட்டும் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் காரின் முதுகிலிருந்து ஆவி, குப்புராஜ் ஓரங்கட்டி இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டான், ஓட்டை பத்தல அம்மிணி, மாப்ள தப்பா கணக்குப் போட்டுட்டான், பெருசா வெட்டோணும்.

அதுவரை வேனுக்குள் இருந்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினான், ஓடினான், ஓட ஓட மூச்சுக்குத் துண்டு தடையாக இருந்திருக்க வேண்டும், பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினான், காரின் விலாவில் மண்டியிட்டுக் கையை விட்டு இழுத்தான், வந்தது செவ்வந்தி, கைகையாக, ரேடியேட்டருக்கு முன்னாலிருந்த கம்பி வலையில் அப்பளம்போல் ஒட்டி நசுங்கிய செவ்வந்தி, அதைக் குப்புராஜின் முகத்துக்கு நேரே நீட்டித் தோள் குலுங்கச் சிரித்தான், சத்தம் இல்லை, கழுத்தின் ஓட்டையிலிருந்து புஸ்புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது, எவ்வளவு பலமாக இழுத்திருக்கிறது பார் என்கிற சிரிப்பு. குப்புராஜுக்கு இன்னும் சந்தேகம், அவன் கழுத்தைப் பார்த்தான், பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், எனக்கு நம்பிக்கை இல்ல மாப்ள, நிரூபி என்றான், நாச்சிமுத்து கையிலிருந்த துண்டைப் பார்த்தான், அதன் கரையிலிருந்து நூலை உருவ ஆரம்பித்தான், ஒவ்வொன்றாக உருவிச் செலோடேப்பால் கதவு நெடுக ஒட்டினான், சாரதாமணியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து உருவினாள், மூச்சுவிடுகிற வாயைப் பார்த்துப் பார்த்து மூடியவள் நான்தான், காருக்கும் நான்தான், அவனுக்கும் நான்தான் என்று எண்ணியபடி உருவிய நூலைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது குப்புராஜ் ஓட்டும் காரில் நூல்கள் உள்ளே போகின்றன, ஊதுபத்திப் புகை போன அதே வழியில், உள்ளே போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு பின்னால் வெளியேறுகிற காற்று அவள் கண்ணுக்கே தெரிவதுபோல் இருக்கிறது, கார் நிற்கிறது, வேனும் நிற்கிறது, சூட்டு முள்ளு பாதியக்கூடத் தாண்டல மாப்ள என்று கூவிக்கொண்டு வருகிறான் குப்புராஜ், வேன் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி, இந்தா உன்ற சாவி, நாளைக்கு நேரத்துல வா, எனக்கு வேலை கெடக்கு என்று நாச்சிமுத்துவின் மடியில் எறிந்துவிட்டுப் போகிறான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான், திரும்பவில்லை, அவள் பார்க்கமாட்டாள் என்று பழகிப்போனவன், சாரதாமணி கைப்பையைத் திறந்து, பிரிக்காமல் கிடந்த வலைத்துணிப் பொட்டலத்தை எடுத்தாள், கட்டிவிடக் குனிந்தாள், அப்போதுதான் கண்டாள், துண்டின் நூல் ஒன்று அவன் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது, காற்றே இல்லாத வேனுக்குள், அவன் கழுத்தின் அந்த வட்டத்தை நோக்கி மெல்ல வளைந்தது, திரும்பி வெளியே படபடத்தது, மறுபடி வளைந்தது, அவள் கண்ணை எடுக்கவில்லை, உள்ள போகுதுங்க என்றாள், இந்தத் தடவை கத்தவில்லை, உள்ளங்கையை அதற்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது.